பூண்டு மணக்கும் கை

அத்தியாயம் 7

வெர்னா ஹாக்லண்ட் மாடிப்படி ஏறி வந்து கதவைத் தட்டியபோது, துப்பறியும் வில்மா ஷாட்ஸ் அவளைப் பார்த்துத்தான் வயிறெரிந்துகொண்டிருந்தாள்.

அதற்கென்று அவள் தனியாக நேரம் ஒதுக்குவதில்லை. ஜனவரி பிறந்து சட்டசபை கூடிவிட்டால், காலைக் காப்பியோடு அதுவும் தானாக வந்துவிடும். மாநிலத் தலைநகரான பியரின் உள்ளூர்ப் பத்திரிகை மேஜை மேல் கிடந்தது. முதல் பக்கத்தில் வெர்னா சிரித்துக்கொண்டிருந்தாள். புதன்கிழமைதோறும் சர்ச் அடித்தளத்தில் சட்டசபைக்காரர்களுக்கு விருந்து வைக்கும் அம்மையாராம். தீயணைப்பு நிலையத்துக்குப் புதுக் கூரை வாங்கித் தந்த அம்மையாராம். ஊரில் பத்திரிகைக்காரனுக்கு வேறு முகமே அகப்படாதா?

"மீசை வரைஞ்சாச்சு பாஸ். கொம்பும் வேணுமா?" என்றான் லானி, பேனாவை மூடாமல்.

லானி க்ரோக்ஸ்டாட் அவளுடைய உதவியாளன். அதற்கு முன் வானொலியில் வானிலை வாசித்தவன். நல்ல வெயில் என்று அவன் சொன்ன நாளில் பனிப்புயல் வந்து மேயர் மகளின் கல்யாணக் கூடாரத்தை மிசௌரி ஆற்றுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய்ப் போட்டது. அன்றோடு வானொலி அவனைக் கைவிட்டது, வில்மா எடுத்துக்கொண்டாள்.

கதவு தட்டியதும் பத்திரிகை இழுப்பறைக்குள் போயிற்று. வெர்னா உள்ளே வந்தாள். அறுபது வயது. பனி ஒட்டிய கோட்டு. வலது மார்பில் லாபிக்காரர்களுக்கான நீல பேட்ஜ். எப்போதும் பத்து நிமிஷம் முன்னால் சிரித்துக்கொண்டே வருகிறவள், இன்று சிரிப்பைக் கீழ்த்தளத்துத் தூண்டில் கடையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தாள்.

"உக்காரு," என்றாள் வில்மா. "என்ன, வழி தப்பி வந்துட்டியா?"

"என் சொல்லு செத்துப்போச்சு வில்மா. யார் கொன்னாங்கன்னு நீ கண்டுபிடிக்கணும்."

ஒரு காலத்தில் இருவரும் ஒரே தூணருகே நின்றவர்கள். செனட் வாசலுக்கு வெளியே மூன்றாவது தூண். லாபிக்காரர்கள் உள்ளே போகக்கூடாது. உறுப்பினர் வெளியே வரும்வரை கால் கடுக்க நிற்க வேண்டும். வந்தவரைப் பிடித்து, காசு கொடுத்துத் தன்னை அமர்த்திய கட்சிக்காரருக்கு இந்தச் சட்டம் ஏன் வேண்டும் என்று லிஃப்ட் வருவதற்குள் சொல்லி முடிக்க வேண்டும். வில்மா அதில் கெட்டிக்காரி. வெர்னா அவளைவிடக் கெட்டிக்காரி. வில்மாவின் பெரிய கட்சிக்காரர், கிராமத்து மின்சாரக் கூட்டுறவுக்காரர், ஒரு நாள் வெர்னாவிடம் போய்விட்டார். அதற்கு முந்தின நாள் சாயங்காலமே வெர்னா வீடு தேடி வந்து, "நாளைக்கு அவங்க என்கிட்ட வர்றாங்க. ஊரார் சொல்லி நீ கேக்கக்கூடாது," என்று சொல்லிவிட்டுப் போனாள். திருடிக்கொண்டு போயிருந்தால் வெறுத்துத் தொலைக்கலாம். முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு எடுத்துப்போனவளை என்ன செய்வது? பொறாமைதான் படலாம். வில்மா அதைக் குறைவில்லாமல் செய்துவந்தாள்.

"முதல்ல இருந்து சொல்லு," என்றாள்.

வெர்னா சொன்னாள். இந்த மாநிலத்தில் பாதி ஊர்களில் ஆம்புலன்ஸ் ஓட்டுவது விவசாயியும் மளிகைக்கடைக்காரரும்தான். சம்பளம் கிடையாது. ஆள் குறையக் குறைய வண்டிகள் ஒவ்வொன்றாக நின்றுகொண்டிருந்தன. அந்த வண்டிகளை அரசாங்கமே தாங்கவேண்டும் என்று ஒரு சட்டம். ஆம்புலன்ஸ்காரர்களுக்காக வெர்னா அதை நான்கு வருஷமாகச் சுமந்து இந்த இடம்வரை கொண்டுவந்துவிட்டாள். இன்று இரண்டு மணிக்குக் கமிட்டியில் ஓட்டு.

"இன்னிக்குக் காலையில கமிட்டித் தலைவர் ரூப் என்னைப் பார்த்து மூஞ்சியத் திருப்பிக்கிட்டாரு. நேத்து ராத்திரி என் விருந்துல யாரோ அவர்கிட்ட சொல்லியிருக்காங்க. நான் என்னோட இன்னொரு கட்சிக்காரர், முதியோர் இல்லக்காரங்களோட ரகசியமா பேசி முடிச்சுட்டேனாம். அவங்க சட்டம் பிழைக்கறதுக்காக ஆம்புலன்ஸைப் பலி குடுத்துட்டேனாம். சொன்ன ஆள் ஆம்புலன்ஸ் ஓட்டுறவராம். அதனால அப்படியே நம்பிட்டாரு. யாருன்னு கேட்டா சொல்ல மாட்டேங்கறாரு."

"நீங்க அப்படிச் செய்யலையே மேடம்?" என்றான் லானி.

வெர்னா அவனைப் பார்த்தாள்.

"மன்னிச்சுக்குங்க. வானத்தையே நம்பாத ஆள் நான்."

வில்மாவுக்குக் கேட்கவே வேண்டியிருக்கவில்லை. ஒரு கட்சிக்காரரை விற்று இன்னொருவரைக் காப்பாற்றினாள் என்று பெயர் வந்துவிட்டால், அதற்குப் பிறகும் அந்தத் தூணருகே நிற்கலாம். யாரும் தடுக்கமாட்டார்கள். பேசத்தான் யாரும் வரமாட்டார்கள். வெர்னா அதைச் செய்திருக்கமாட்டாள் என்பது வில்மாவுக்குத் தெரியும். தெரிந்தும், வயிற்றின் ஒரு மூலையில் சின்னதாக ஒரு விளக்கு எரிந்தது. அதைப் பார்க்க அவளுக்கே வெட்கமாக இருந்தது. ஊதி அணைக்கவும் மனம் வரவில்லை.

"ஊர்ல என்னைத் தவிர ஆளா இல்ல? ஏன் இங்க வந்தே?"

"உனக்கு என்னைப் பிடிக்காது. என்னைக் காப்பாத்தறதுக்காக நீ பொய் சொல்லமாட்டேன்னு கேப்பிடல் கட்டடத்துல இருக்கற ஒவ்வொரு ஆளுக்கும் தெரியும். நீ சொன்னா ரூப் நம்புவாரு."

லானி மெதுவாக விசிலடித்தான். "பாஸ், இதை நற்சான்றிதழா சட்டம் போட்டு மாட்டலாம்."

"யார் மேல சந்தேகம்?" என்றாள் வில்மா.

"எனக்கு யார் மேலயும் இல்ல," என்றாள் வெர்னா. ஒரு நிமிஷம் கழித்து, "க்ளிஃப்டன் ஜாரிக்," என்றாள்.

*

வெர்னாவின் புதன்கிழமை விருந்துக்கு ஒரே ஒரு விதி. வாசலில் ஒரு பழைய காப்பி டப்பா இருக்கும். லாபிக்காரர்கள் பேட்ஜைக் கழற்றி அதில் போட்டுவிட்டு, மற்றவர்களைப் போல முதல் பெயரை மட்டும் ஒரு ஸ்டிக்கரில் எழுதி ஒட்டிக்கொண்டு உள்ளே வரவேண்டும். அதன்பின் சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசக்கூடாது. பேசினவர் பாத்திரம் கழுவ வேண்டும். நேற்றுப் பாத்திரம் கழுவினவர் வெர்னாவின் போட்டி லாபிக்காரர் க்ளிஃப்டன் ஜாரிக்.

"கேஸ் முடிஞ்சுது," என்றான் லானி, சட்டசபை நடக்கும் கேப்பிடலின் படிகளில் ஏறும்போது. வாசலில் கொடுத்த பார்வையாளர் ஸ்டிக்கரை நெஞ்சில் தட்டி ஒட்டிக்கொண்டான். "பேசினாரு, பிடிபட்டாரு, கழுவினாரு. சாப்பாட்டுக்கு முன்னாடி வீட்டுக்குப் போயிடலாம்."

"பேசினாருன்னா யார்கிட்ட பேசினாரு?"

"அது உங்க வேலை பாஸ். பாதி கண்டுபிடிக்கறதுதான் என் சம்பளத்துக்கு."

செனட்டர் ரூப் கேன்டீனில் ஒரு கிண்ணம் சில்லிக் கறிக்குழம்போடும் அதைவிடப் பெரிய கேரமல் ரோலோடும் உட்கார்ந்திருந்தார். மேற்குப் பக்கத்து மாட்டுப்பண்ணைக்காரர். முந்தின தலைவர் பனியில் வழுக்கி இடுப்பை முறித்துக்கொண்டதால், இந்தக் கூட்டத் தொடரில்தான் நாற்காலி இவருக்கு வந்திருந்தது. ஊரும் புதிது, மனிதர்களும் புதிது.

"யாருன்னு கேக்காதீங்க," என்றார் வில்மா வாயைத் திறக்குமுன். "சொல்லமாட்டேன்னு அந்த ஆளுக்கு வாக்குக் குடுத்திருக்கேன். எங்க பக்கம் வாக்குன்னா வாக்குதான்."

"நான் கேக்கவே இல்லையே. கை குடுத்தீங்களா?"

"எதுக்கு?"

"அந்த ஆளுக்கு. பேசறதுக்கு முன்னாடி."

"குடுக்காம? மனுஷன் கைய நீட்டினா ஓடியா போவாங்க?"

"பேரு கேட்டீங்களா?"

"ஏன் கேக்கணும்? கையக் குடுத்தேன், நேர் எதிர்ல பேரு நின்னுது. பேரைச் சொல்லியே ரெண்டு வார்த்தை பேசினேன்." அவர் ரோலைப் பிய்த்து சில்லியில் முக்கினார். "அந்தப் பேரை மட்டும் என் வாயிலேர்ந்து வாங்கமுடியாது."

"வேண்டாம். கை எப்படி இருந்துச்சு?"

லானி செனட்டர் பக்கம் குனிந்தான். "பயப்படாதீங்க சார். அடுத்து ரேகை பாத்து, எத்தனை குழந்தைன்னு சொல்லுவாங்க."

ரூப்புக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த மனிதருக்கு நாக்கு இளகும். "மெத்துனு ஒரு கை. பண்ணை வேலை பாத்த கை இல்ல. ஆனா பூண்டு வாசம்! சாதாரண வாசமா? படுக்கப் போறவரைக்கும் என் கையிலேர்ந்து போகல. என் பொண்டாட்டி போர்வையத் தூக்கிக்கிட்டு அடுத்த ரூமுக்குப் போயிட்டா."

"நீங்க சாப்பிட்ட சிஸ்லிக் கறி வாசனையா இருக்கலாமே?"

"ஏம்மா, கறித்துண்டைக் கையாலயா எடுத்துத் தின்பாங்க? பல்குச்சியில குத்தித்தான் தின்னேன், எல்லாரும் மாதிரி."

"அந்த ஆளை அதுக்கு முன்னாடி பாத்திருக்கீங்களா?"

"இல்ல. அதை வேணா சொல்றேன். லாபிக்காரர் இல்ல. முதல் வாரத்துலயே லாபிக்காரங்க அத்தனை பேரும் வரிசையா வந்து கையக் குலுக்கி என் தோள்பட்டையைக் கழட்டிட்டாங்க. அவங்கள்ல ஒருத்தர் சொல்லியிருந்தா நான் நம்பியிருக்கவே மாட்டேன்." குரல் இறங்கியது. "இவர் சாதாரண ஆளு. கண்ணு கலங்கியிருந்துச்சு. கண்ணு கலங்கறவன் பொய் சொல்வானா?"

வில்மா எழுந்தாள். அவள் முகத்தில் ஏதோ மாறியிருந்தது. லானிக்கு அந்த முகம் தெரியும். சீட்டாட்டத்தில் நல்ல சீட்டு வந்தால் அவள் இப்படித்தான் அழகாக முகம் சுளிப்பாள்.

*

க்ளிஃப்டன் ஜாரிக் மூன்றாவது தூணில் சாய்ந்திருந்தார். பதினொரு கட்சிக்காரர், மூன்று கோட்டு, ஒரே சிரிப்பு. வில்மாவைக் கண்டதும் இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். விரல் நுனியெல்லாம் இன்னும் சிவந்திருந்தது.

"வாம்மா துப்பறியும் புலி! பார், என் கதியை. இருபது வருஷ அனுபவம், எண்ணெய்ச் சட்டி தேய்ச்சேன்."

"யார்கிட்ட என்ன பேசினீங்க?"

"பனிவண்டிச் சட்டத்தைப் பத்தி வெர்னாகிட்டயே அரை வார்த்தை. உடனே கரண்டியால மணி அடிச்சுட்டா! ரூப் உள்ள வந்தப்ப நான் முழங்கை வரைக்கும் சோப்புல. ஊர்ல இருக்கற அத்தனை செனட்டரும் அவ மேஜையில, நான் தொட்டியில." அவர் சிரிப்பு லேசாகக் கோணியது. "ஒண்ணு சொல்லட்டுமா? அந்தம்மா சிஸ்லிக் போடறா, ஞானஸ்நானத்துக்குக் கேக் கொண்டு போறா, செத்த வீட்டுக்குக் கேசரோல் கொண்டு போறா. எல்லாம் நல்ல மனசுலதான் பண்றா, அதுதான் எனக்கு ஆத்திரம். நடிச்சான்னா நானும் நடிச்சு ஜெயிச்சிருப்பேன்."

வில்மாவுக்குத் தன் குரலையே வேறு ஒருவர் வாயில் கேட்டதுபோல இருந்தது.

"நேத்து உள்ள உங்களுக்குத் துணைக்கு யாரும் இல்லையா?"

"எங்க? சமைக்கற ஓரின் இருந்தான். அவன் பேசினா டிசம்பர்ல இடி இடிக்கும். கறியில உப்பும் பூண்டும் பிசைஞ்சுட்டு, சட்டியைப் பாத்துக்கன்னு என் தலையில கட்டிட்டு அவனும் காத்து வாங்கப் போயிட்டான். சோப்புக் கையோட எண்ணெய்ச் சட்டி! செத்திருப்பேன்."

காருக்கு வந்ததும் லானி கைகளைத் தேய்த்துக்கொண்டான். "இவரேதான். ரூப்புக்குத் தெரிஞ்ச முகம்கறதால தானே போய்ச் சொல்ல முடியாது. ஒரு ஆளை ஏற்பாடு பண்ணியிருக்காரு. ஆம்புலன்ஸ்காரன் வேஷம். கண்ணீர் தனிச் சலுகை."

"வண்டியை எடுக்காதே. என்னை இதுக்கு முன்னாடி பாத்ததே இல்லைன்னு நினைச்சுக்கோ. கை குடு."

"கல்யாணப் பேச்சா பாஸ்?"

"குடுடா."

கொடுத்தான். அவள் கையைப் பற்றி அப்படியே நிறுத்தினாள். "இப்ப உன் கண்ணு எங்க போகுது?"

"உங்க கை... அப்படியே மேல போனா... வலது தோளு."

"என் பேரு அங்க ஒட்டியிருந்தா?"

"படிச்சுடுவேன்."

"உன் நெஞ்சைப் பாரு. எங்க ஒட்டியிருக்கே?"

லானி குனிந்து பார்த்தான். பார்வையாளர் ஸ்டிக்கர் இடது பக்கம் இருந்தது.

"வலது கைக்காரன் எல்லாரும் அங்கதான் ஒட்டுவான். கை அங்கதான் போகும். வலது பக்கம் ஒட்டறது லாபிக்காரங்க மட்டும். முதல் நாளே சொல்லிக் குடுப்பாங்க. கைய நீட்டினா எதிராளி கண்ணு அந்தக் கை வழியாவே ஏறி உன் பேருக்கு வந்து நிக்கணும். ரூப் என்ன சொன்னாரு? கையக் குடுத்தேன், நேர் எதிர்ல பேரு நின்னுதுன்னாரு."

"அப்ப லாபிக்காரர்தான்."

"லாபிக்காரங்க எல்லாரையும் அவருக்குத் தெரியும். இது அவருக்குத் தெரியாத முகம்."

லானி தலையைச் சொறிந்தான். "லாபிக்காரர் இல்ல, ஆனா லாபிக்காரர் பழக்கம். அப்படின்னா என்ன, லாபிக்காரரோட நாய்க்குட்டியா?"

"நெருங்கிட்டே," என்றாள் வில்மா. "பாத்திரம் கழுவினவன் கையில சோப்பு வாசம்தான் வரும். விருந்துக்கு வந்தவங்க கையில பல்குச்சி. பூண்டு யார் கையில இருந்துச்சு? சர்ச்சுக்கு விடு."

சர்ச் வாசல் வரை லானி ஒரு வேடிக்கைப் பேச்சும் பேசவில்லை. அவன் வேலைக்குச் சேர்ந்த பின் அது முதல் தடவை.

*

அடித்தளச் சமையலறையில் ஓரின் ஹாக்லண்ட் நேற்றைய எண்ணெயை வடிகட்டிக்கொண்டிருந்தார். நெட்டையான மனிதர். ஊர்ப் பள்ளியில் முப்பது வருஷம் பிள்ளைகளுக்கு டிரம்பெட் ஊதக் கற்றுக்கொடுத்தவர். வெர்னாவின் கணவர்.

கதவோரத்துக் கொக்கியில் அவருடைய சாம்பல் நிற ஸ்வெட்டர் தொங்கியது. அதன் வலது மார்பில், நேற்றுக் கழற்ற மறந்த ஸ்டிக்கர். 'ஓரின்'.

வில்மா அதைப் பார்த்தாள். அவள் பார்த்ததை ஓரின் பார்த்தார். துணியைப் பிழிந்து கம்பியில் போட்டார்.

"காப்பி போடட்டுமா வில்மா?"

"வேண்டாம். அதை ஏன் அந்தப் பக்கம் ஒட்டியிருக்கே?"

"எங்க வேற ஒட்டறது?" என்றார் ஓரின். அவருக்கு நிஜமாகவே புரியவில்லை. "கல்யாணமான புதுசுல எந்த விருந்துக்குப் போனாலும் வெர்னாதான் ஒட்டிவிடுவா. இப்படித்தான் ஒட்டணும் ஓரின்னு சொல்லி, ரெண்டு தட்டுத் தட்டுவா. இப்ப நானே ஒட்டிக்கறேன்." நெஞ்சை ஒரு விரலால் தொட்டுக்கொண்டார். "தட்டறதுக்கு அவளுக்கு நேரமில்ல."

வில்மா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். லானி நின்றான்.

"அந்த ரூப்போட பொண்டாட்டிக்கு முட்டி ஆபரேஷன்," என்றார் ஓரின். "எந்த முட்டின்னு அவளுக்குத் தெரியும். ஜாரிக்கோட பேரன் எந்தப் பல்லு விழுந்துச்சுன்னு தெரியும். என்னோட கடைசி பேண்டு கச்சேரி எந்த நாள்னு தெரியாம தூணுகிட்ட நின்னுட்டிருந்தா. அது கூடப் பரவாயில்ல. வேலை. இந்தக் கூட்டத் தொடரோட முடிச்சுக்கறேன், இனிமே உன்னோடதான்னு வாக்குக் குடுத்தா. நான் ஆத்துப்பக்கம் போய்த் தங்க ஒரு கூடார வண்டிகூட வாங்கிட்டேன். போன ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சு கார்ல வர்றப்ப சொல்றா, இன்னும் ஒரு தொடர் பாக்கலாம்னு இருக்கேன்னு. ரேடியோவை மாத்தற மாதிரி சொன்னா."

"அதனால அவ ஆம்புலன்ஸ்காரங்களை வித்துட்டான்னு சொன்னே."

"அவளை யாரும் அங்க கூப்பிடாம இருந்தா வீட்டுக்கு வந்துடுவான்னு நினைச்சேன்." அவர் தன் கையைப் பார்த்தார். "ஊரே சொல்லுது, வெர்னா சொன்ன சொல்லு மாறமாட்டா, வெர்னா சொன்ன சொல்லு மாறமாட்டான்னு. ஒவ்வொரு தடவை கேக்கறப்பவும் எனக்கு இங்க எரியும் வில்மா. மாறினது எனக்கு மட்டும்தான்."

அந்த எரிச்சலின் முகவரி வில்மாவுக்கு நன்றாகத் தெரியும். அவளும் அதே தெருவில்தான் இத்தனை வருஷமாகக் குடியிருந்தாள். வெர்னா வெளிச்சத்தில் நிற்க, பக்கத்தில் நிழலாக நின்றவர்கள் இரண்டு பேர். ஒருத்தி துப்பறியப் போனாள், ஒருவர் பூண்டு பிசையப் போனார். இப்போதே எழுந்து, யாருமில்லை, கண்டுபிடிக்க முடியவில்லை என்று வெர்னாவிடம் சொல்லிவிடலாம். மூன்றாவது தூண் காலியாகிவிடும். ஓரினுக்குப் பெண்டாட்டி கிடைப்பாள். இரண்டு பேர் வயிறும் குளிரும்.

விளக்கு நன்றாகவே எரிந்தது. வில்மா இந்தத் தடவை ஊதி அணைத்தாள்.

"அவ மேல கோபம்னா அவ கார் டயரைக் குத்தியிருக்கலாம் ஓரின். நீ ஆம்புலன்ஸ் டயரைக் குத்திட்டே. உன்கிட்ட டிரம்பெட் படிச்ச பசங்கள்ல எத்தனை பேர் இன்னிக்கு அந்த வண்டி ஓட்டுறாங்க?"

ஓரின் வடிகட்டியைக் கீழே வைத்தார். வடிகட்டின எண்ணெயைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"ரூப் உன் பேரைச் சொல்லமாட்டாரு. நானும் வெர்னாகிட்ட சொல்லப்போறதில்ல. ரெண்டு மணிக்கு ஓட்டு."

வெளியே வந்ததும் லானி, "வருவாரா?" என்றான்.

"தெரியாது."

"தெரியாதுன்னு சொல்ற வானிலையாளரை எங்க ரேடியோவுல உடனே தூக்கிடுவாங்க பாஸ்."

*

கமிட்டி அறையில் வெர்னா பின்வரிசை நாற்காலியில் நேராக உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் நாலு நாற்காலி காலி. நேற்று அவள் கையால் தின்றவர்கள் இன்று சுவரோரம் நின்றார்கள்.

வில்மாவைப் பார்த்ததும் புருவத்தை உயர்த்தினாள். வில்மா தலையை அசைத்தாள். அதை எப்படியும் எடுத்துக்கொள்ளலாம். வெர்னா மோசமாகவே எடுத்துக்கொண்டாள்.

"ஓட்டுக்கு முன்னால வேற யாராவது பேசறீங்களா?" என்றார் ரூப், ஒப்புக்கு.

கதவு திறந்தது. சாம்பல் ஸ்வெட்டர், வலது மார்பில் ஸ்டிக்கர். ரூப்பின் கையிலிருந்த சுத்தியல் பாதியில் நின்றது.

ஓரின் மேஜைக்கு வந்து உட்கார்ந்து, மைக்கைத் தன் உயரத்துக்கு வளைத்தார். அறையில் யாரோ, "அது வெர்னா வீட்டுக்காரர் இல்ல?" என்றார்கள்.

"பேரு, யார் சார்பா வந்திருக்கீங்கன்னு சொல்லணும்," என்றார் ரூப்.

"ஓரின் ஹாக்லண்ட். என் பொண்டாட்டி சார்பா."

வெர்னா பாதி எழுந்தாள்.

"நேத்து ராத்திரி உங்ககிட்ட நான் ஆம்புலன்ஸ் ஓட்டுறவன்னு சொன்னேன். பொய். நான் டிரம்பெட் வாத்தியார். இந்தச் சட்டத்தை வெர்னா வித்துட்டான்னு சொன்னேன். அதுவும் பொய். நாலு வருஷமா அவ தூக்கத்துல பேசற ஒரே விஷயம் இதுதான். எனக்கு மனப்பாடம்." அவர் நிறுத்தி, மூச்சை இழுத்தார். டிரம்பெட்காரர் மூச்சு, நீளமாக இருந்தது. "என் பொண்டாட்டி சொன்ன சொல்லு தவறினது ஒரே ஒரு ஆள்கிட்ட. அந்த ஆள் நான். அதுக்கும் இந்தச் சட்டத்துக்கும் சம்பந்தம் இல்ல. அவ்வளவுதான்."

எழுந்தார். யாரையும் பார்க்காமல் கதவைத் திறந்துகொண்டு போய்விட்டார்.

ரூப் சுத்தியலைக் கீழே வைத்தார். "மிஸஸ் ஹாக்லண்ட், உங்க சொல்லை நான் சந்தேகப்பட்டேன். இத்தனை பேர் முன்னால மன்னிப்புக் கேக்கறேன். ஓட்டு எடுக்கலாமா?"

ஐந்துக்கு இரண்டு. சட்டம் பிழைத்தது.

வெளித் தாழ்வாரத்தில் கூட்டம் வெர்னாவைச் சூழ்ந்துகொண்டது. காலையில் முகம் திருப்பியவர்கள் எல்லாரும் கையை நீட்டினார்கள். ஜாரிக் முதல் ஆளாக நின்றார். அவள் ஒரு கையையும் பிடிக்கவில்லை. அவள் கண் கண்ணாடிக் கதவுக்கு வெளியே இருந்தது. அங்கே பனியில் ஒரு நெட்டை மனிதர் தொப்பி இல்லாமல் கார் நிறுத்துமிடத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார்.

வெர்னா பேட்ஜைக் கழற்றினாள். பக்கத்தில் காப்பி டப்பா இல்லை. வில்மாதான் இருந்தாள்.

"இதைக் கொஞ்சம் பிடிடி," என்றாள். கோட்டுகூட இல்லாமல் கதவைத் தள்ளிக்கொண்டு ஓடினாள். அறுபது வயதுக்கு அது ஓட்டம்தான்.

செனட்டர்கள் நீட்டின கையோடு நின்றார்கள். பிறகு ஒவ்வொருவராகக் கையைப் பைக்குள் போட்டுக்கொண்டு கலைந்தார்கள்.

லானி கண்ணாடி வழியாகப் பார்த்தான். தூரத்தில் நெட்டை மனிதர் நின்றுவிட்டார். திரும்பவில்லை, நின்றார், அவ்வளவுதான். வெர்னா வழுக்கி வழுக்கிப் போய்க்கொண்டிருந்தாள்.

"கேஸ் ஜெயிச்சாச்சு. பின்ன எதுக்கு பாஸ் உங்க மூஞ்சி இப்படி?"

"அந்த ஆள் செஞ்சது அயோக்கியத்தனம்."

"ஆமா."

"அப்படி ஒரு அயோக்கியத்தனம் பண்ற அளவுக்கு என்னை வீட்டுக்குக் கூப்பிட ஒருத்தர் இல்ல லானி. ஊர் கூடியிருக்கறப்ப வந்து ஒத்துக்கவும் ஒருத்தர் இல்ல." வில்மா பேட்ஜைக் கைக்குள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இதுலயும் பார், அவளுக்குத்தான்."

"பொய் நான் தினமும் சொல்றேனே பாஸ். ஒத்துக்கறதுக்குத்தான் யாரும் மைக் தரமாட்டேங்கறாங்க."

அவள் சிரிக்காமலிருக்கப் பார்த்தாள். கை சும்மா இராமல், பழைய பழக்கத்தில் பேட்ஜை வலது மார்பில் குத்திக்கொண்டது. கனம் சரியாக இருந்தது. மூன்றாவது தூண் ஆளில்லாமல் பக்கத்திலேயே நின்றது. ஒரு நிமிஷம் சாய்ந்துதான் பார்ப்போமே என்று சாய்ந்தாள்.

லிஃப்டிலிருந்து ஓர் இளம் உறுப்பினர் அவசரமாக வந்தார். தேர்தலில் ஜெயித்த புதுக் களை இன்னும் முகத்தில் இருந்தது. தூணருகே ஒரு பெண்மணி, நீல பேட்ஜ். பழகிய கை தானாக நீண்டது. வில்மாவின் கையும் நீண்டது. அவர் கண் அந்தக் கை வழியாக ஏறி, வலது தோளுக்கு வந்து நின்றது.

"வெர்னா!" என்றார் முகம் மலர்ந்து. "உங்களைப் பத்தி எவ்வளவு கேள்விப்பட்டிருக்கேன் தெரியுமா! உங்களைப் பார்க்க மாட்டோமான்னு இருந்தேன்."

வில்மா திருத்தியிருக்கவேண்டும். வாய் திறந்தாள்.

"ரொம்ப சந்தோஷம்," என்றாள்.

அவர் போய்விட்டார். லானியின் முகம் சிவந்து உப்பி, எந்த நிமிஷமும் வெடிக்கிற நிலையில் இருந்தது.

"ஒரு வார்த்தை பேசினே," என்றாள் வில்மா, பேட்ஜைக் கழற்றியபடி, "அடுத்த புதன்கிழமை பாத்திரம் கழுவறது நீதான்."